இருக்கியா என்று கேட்டவர்

அவர் போனில் ஹலோ சொல்லி நான் கேட்டதே இல்லை. எடுத்தவுடன் "இருக்கியா?" என்பார். இருக்கப் போய்த்தானே போனை எடுத்திருக்கிறோம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் "இருக்கேன் சார்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அடுத்த வார்த்தை வரும். அவசரத்தில் "சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டால், "மொதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா" என்பார். லைன்மேன்கள் அவருக்கு 'இருக்கியா சார்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். அதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன்.

வில்லியனூரில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் அப்போது நான் வேலை பார்த்தேன். வருகிற புகார் போன்களை எடுத்துத் திட்டு வாங்குவது என் வேலை. முதலாளி அதற்கு முன்னால் கேபிள் டிவி நடத்தியவர். கம்பமும் வயரும் ஊர் முழுக்கக் கிடக்கிறதே, டிவிக்குப் பதிலாக நெட்டை ஓட்டலாம் என்று இறங்கிவிட்டார். வில்லியனூர் தொடங்கி பாகூர் வரைக்கும், நடுவில் இருக்கிற கிராமங்களுக்கெல்லாம் நாங்கள்தான் நெட் கொடுத்தோம்.

அவர் எங்கள் நெட்வொர்க் இன்ஜினியர். ஏம்பலத்துக்காரர், கரும்பு போடுகிற குடும்பம். நாற்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு ஊர்ப்பக்கமே வந்துவிட்டார். ஆபீசுக்குள் வந்தாலும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். கேட்டால், "எப்ப வேணா கெளம்ப வேண்டி வரும்" என்பார். புதிதாக வருகிறவர்கள் அவரை கூரியர்காரர் என்று நினைத்து, "எங்க கையெழுத்து போடணும்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அவருக்குத் தாங்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். பதில் வராமல் இருப்பது.

எங்கள் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு டீக்கடைகள். ஒரு கடையில் டீ சொல்லுவார். மாஸ்டர் தலையாட்டாமல் பாலை ஆற்றிக்கொண்டே இருந்தால் இவருக்குச் சந்தேகம் வந்துவிடும். இன்னொரு தடவை சொல்லுவார். அதற்கும் தலை அசையவில்லை என்றால் ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குப் போய்ச் சொல்லுவார். அதற்குள் முதல் கடைக்காரர் டீயோடு, "சார், சார்" என்று கூப்பிடுவார். அதை வாங்கப் போனால் இந்தக் கடைக்காரர் கத்துவார். தினமும் இரண்டு டீ குடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறி வருவார்.

"ஒரு தலையாட்டு ஆட்டினா இன்னாம்மா? செலவா?" என்று என்னிடம் நியாயம் கேட்பார்.

டீயோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு நாள் எங்கள் லைன்மேன் ஒருவர் ஏம்பலம் பக்கம் கரும்புக்காட்டு வழியாக ஏதோ கம்பம் பார்க்கப் போனார். இவர் போன் அடித்தார், எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார், எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அடித்ததற்கும் பதில் இல்லை என்றதும் இவர் எழுந்து நின்றுவிட்டார். "ஆளு காலி" என்றார். பாம்பு கடித்திருக்கும், அல்லது கம்பத்தில் கரண்ட் இறங்கியிருக்கும் என்று அவரே முடிவு செய்தார். ஏம்பலத்தில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுக் காட்டுக்குள் தேடச் சொன்னார். அந்தச் செய்தி எப்படியோ லைன்மேன் வீட்டுக்குப் போய், அவருடைய மனைவி கைக்குழந்தையோடு எங்கள் ஆபீஸ் படியில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். முதலாளி ஒரு பக்கம் வியர்த்து வழிகிறார். நான் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்போது லைன்மேன் கையில் ஒரு முழுக் கரும்போடு, அதைக் கடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"இன்னாடி, இங்க வந்து ஒக்காந்துகினு கீற?" என்றார் மனைவியிடம்.

காட்டுக்குள் சிக்னல் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு, புருஷன் கையிலிருந்த கரும்பைப் பிடுங்கி இவர் பக்கம் திரும்பினாள். ஹெல்மெட் போட்டிருந்தது அன்றைக்கு உதவியாகத்தான் இருந்தது.

எனக்கு அன்று உண்மையிலேயே கோபம். "ஏன் சார் இப்பிடிப் பண்றீங்க? அந்தப் பொண்ணு உசுரே போயிருக்கும்" என்றேன்.

"தப்பா அலாரம் அடிச்சா திட்டுவாங்க, அவ்ளோதான். அடிக்க வேண்டிய நேரத்துல அடிக்காம இருந்தா?" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் அதுவரை கேட்டதில்லை.

மறுவாரம் இன்ஜினியருடைய மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு ஆபீசுக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார். இவர் காலேஜில் படிக்கும்போது, இவருடைய அப்பா கரும்புக்காட்டு மோட்டார் கொட்டகையில் மயங்கி விழுந்திருக்கிறார். வீட்டில் இருந்தவர்கள் நெட்டப்பாக்கத்துக்கு உரம் வாங்கப் போயிருப்பார் என்று நினைத்துவிட்டார்கள். பொழுது சாய்ந்துதான் போய்ப் பார்த்தார்கள். "அதுலருந்து இவருக்கு இப்பிடி. நான் குளிக்கப் போறதுன்னாகூட சொல்லிட்டுத்தான் போவணும். போன்ல சார்ஜ் இல்லாமப் போன அன்னிக்கு எங்கம்மா வூட்டுக்கே ஆம்புலன்ஸ் அனுப்பிட்டாரு. எங்கம்மாவுக்கு அதைப் பாத்து நெஞ்சுவலி வந்து, வந்த வண்டியில அவங்களைத்தான் ஏத்தினோம்" என்றார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்படிப்பட்ட ஒருவர் கையில் எங்கள் பெட்டிகள் இருந்தன. ரௌட்டர் என்று அதற்குப் பெயர். நாங்கள் பெட்டி என்றுதான் சொல்வோம். வில்லியனூரில் ஒரு பெரிய பெட்டி, பாகூரில் ஒரு பெரிய பெட்டி. அவர் வருவதற்கு முன்னால் வழியில் எங்காவது வயர் அறுந்தால், பாகூர்க்காரர்கள் எனக்கு போன் போட்டுத் திட்டிய பிறகுதான் எங்களுக்கே தெரியும். அவர் வந்ததும் இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும்படி செய்தார். நாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் இது அதைப் பல தடவை கேட்கும், அது இதைக் கேட்கும். வரிசையாகச் சில விசாரிப்புகளுக்குப் பதில் இல்லை என்றால் எதிர்ப்பெட்டி செத்துவிட்டதாக முடிவு கட்டி, அதோடு வைத்திருந்த தொடர்பையெல்லாம் முறித்துவிடும். பி.எஃப்.டி. என்று ஏதோ சொன்னார்.

"புரியலையே சார்" என்றேன்.

"நான் உங்களையெல்லாம் கேக்கறேன்ல, அதையேதான் மெஷின் கேக்குது. ஆனா அது சலிச்சிக்காது" என்றார்.

எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கும்படி அதை இறுக்கி வைத்திருந்தார். முதலாளியைக் கூட்டி வந்து திரையைக் காட்டி, "இதைவிட வேகமா இந்தப் பக்கத்துல எவனும் கண்டுபுடிக்க முடியாது சார்" என்றார். முதலாளிக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் வேகம் என்ற சொல் பிடித்திருந்தது.

பிறகு முதலாளி செலவு செய்து பாகூருக்கு இரண்டாவது வழி ஒன்று இழுத்தார். பழைய வயர் உறுவையாறு பக்கமாகப் போகிறது. புதியது ஏம்பலம், நெட்டப்பாக்கம் என்று சுற்றிக்கொண்டு போகிறது. ஒன்று அறுந்தால் தானாகவே இன்னொன்றின் வழியாகப் போய்விடும். "இனிமே பாகூர்ல நெட்டு போச்சுன்னு ஒரு போன் வந்தா நான் பேரை மாத்திக்கிறேன்" என்று முதலாளி எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரமே உறுவையாறு ரோட்டில் வாய்க்கால் வேலை ஆரம்பித்தது. ஜேசிபி வந்து இறங்கியது.

அதன் டிரைவருக்கு எங்கள் வயர்மேல் என்ன விரோதமோ, தோண்டுகிற இடமெல்லாம் எங்கள் வயர்தான் மாட்டியது. அறுந்தால் என்ன, இன்னொரு வழிதான் இருக்கிறதே என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். ஆனால் ஒவ்வொரு தடவை அறுந்தபோதும் பாகூர் மொத்தமாகப் போனது. உட்கார்ந்து ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துத் திரும்பி வரும். அதைவிடக் கொடுமை, வயரை ஒட்டிச் சரிசெய்த உடனே நன்றாக ஓடிக்கொண்டிருந்த நெட் மறுபடியும் போகும்.

முதலாளி மாடி ஏறி வந்து கத்தினார். "அறுந்தா போவுது, அது சரி. ஒட்டினா ஏன்யா போவுது?"

இவர் தயங்கவே இல்லை. "பாகூர் பொட்டி செத்துப்போச்சு சார். மாத்தணும்."

பாகூர் லைன்மேனுக்கு போன் போட்டோம். "சார், பொட்டி நல்லாத்தான் இருக்குது. பச்ச லைட்டு எரியுது" என்றார் அவர்.

"எரியும். செத்தவனுக்கும் கண்ணு தொறந்துதான் இருக்கும்" என்றார் இவர்.

பெட்டியை மாற்றினார்கள். புதுப்பெட்டியும் அதேபோல் செத்துச் செத்துப் பிழைத்தது. முதலாளி பேர் மாற்றிக்கொள்வதைப் பற்றி நாங்கள் யாரும் நினைவுபடுத்தவில்லை.

அந்த நாட்களில்தான் பாகூரிலிருந்து அந்தப் பெரியவர் போன் செய்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். பெரியவரும் ஒரு சொல்தா. கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து படுக்கையில் இருந்தார். உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒவ்வொரு வருஷமும் அவர் காட்ட வேண்டும். நேரில் போக முடியாது என்பதால், பிரான்சில் இருக்கிற மகள் அங்கே பென்ஷன் ஆபீசில் பேசி, வீடியோவில் பார்த்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்திருந்தாள்.

"ஏம்மா, நான் உயிரோட இருக்கேனா, இல்லியா? உங்க ஆபீஸ்ல கூடிப் பேசி ஒரு முடிவு சொல்லுங்க" என்று ஆரம்பித்தார் பெரியவர்.

"இன்னா ஆச்சுங்க தாத்தா?"

"ரெண்டு வாட்டி அந்தப் பொம்பள வீடியோல வந்தா. பேரு கேட்டா, சொன்னேன். பொறந்த ஊரு கேட்டா, சொன்னேன். மூஞ்சியைக் காட்டுங்கன்னா. நான் தலையைத் தூக்கறதுக்குள்ள புட்டுகிச்சு. ரெண்டு வாட்டியும் அதே எடத்துல! அடுத்த வாட்டியும் மூஞ்சி தெரியலேன்னா பைலை மூடிடுவாங்களாம். அப்பறம் நான் நேர்ல போயி, நான் சாவலேன்னு சொல்லணுமாம். நானே பொரள முடியாமக் கெடக்கறேன்."

நான் பேசுவதைப் பார்த்துவிட்டு இவர் போனைக் கேட்டு வாங்கினார். பழக்க தோஷம். "இருக்கீங்களா?" என்றார்.

"அதைத்தான்டா நான் உன்னைக் கேக்கறேன்!" என்று பெரியவர் போட்ட சத்தம், எதிர் மேசையில் இருந்த எனக்கே கேட்டது.

இவர் போனை வைத்தார். பிறகு அந்த இரண்டு தடவையும் என்ன நடந்தது என்று பெட்டிகள் எழுதி வைத்திருந்ததை எடுத்துத் திரையில் ஓடவிட்டார். இரண்டு நாளுமே ஜேசிபி வயரை அறுத்த நேரமும் பெரியவர் பேசிய நேரமும் ஒன்றாக இருந்தன. அதுவரை எங்களுக்கும் தெரியும். ஆனால் அவர் ஒரு வரியில் விரலை வைத்து நின்றுவிட்டார். மேலே படித்தார், கீழே படித்தார். முதலாளியைக் கூப்பிடச் சொன்னார்.

"இதப் பாருங்க சார். உறுவையாறு வயர் அறுந்தது. உடனே நெட்டப்பாக்கம் வழியா மாற ஆரம்பிச்சிடுச்சு. மாறி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆவும். கொஞ்சம்னா ரொம்பக் கொஞ்சம். ஆனா நான் வச்ச விசாரணை அதுக்குக்கூட காத்திருக்கல. வழி மாறி பதில் வந்து சேர்றதுக்குள்ள, பாகூர் செத்துடுச்சின்னு முடிவு கட்டி எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுடுச்சு. புடுங்கினதை மறுபடியும் ஒவ்வொண்ணாக் கோக்கத்தான் அம்மாம் நேரம் ஆவுது."

"ஒட்டினா ஏன் போவுது?" முதலாளிக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்.

"ஒட்டினதும் பழைய வழிக்குத் திரும்புது சார். அப்பவும் வழி மாறுது. அப்பவும் இது அவசரப்படுது."

"அப்ப பொட்டி?"

"பொட்டி நல்லாத்தான் இருந்தது. பழைய பொட்டியும் நல்லாத்தான் இருந்திருக்கும்." திரையில் வைத்திருந்த விரலை எடுத்தார். "உசுரோட இருந்தவனை நான்தான் சார் சாவடிச்சிட்டேன்."

அப்போது ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவ்வளவு நாளில் அவர் தலையை நான் பார்த்தது அன்றைக்குத்தான். முன்பக்கம் முடி இருந்த இடம் தெரியவில்லை. முதலாளியும் அதைப் பார்த்துவிட்டு, திட்ட வந்ததைத் திட்டாமல் கீழே போய்விட்டார்.

சரிசெய்யும் வழியை அவரே யோசித்தார். வயர் போகிற வழியில் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனையிலும் வேகமாக விசாரிக்கிற காவல் இருக்கட்டும். அந்தத் துண்டு அறுந்தால் உடனே தெரிந்து, வழி உடனே மாறட்டும். ஆனால் வில்லியனூர்ப் பெட்டிக்கும் பாகூர்ப் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற விசாரணை மட்டும் நிதானமாக இருக்க வேண்டும். வழி மாறி முடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பொறுத்திருந்துவிட்டுத்தான் செத்ததாகச் சொல்ல வேண்டும். ஒட்டிய வயரையும் உடனே நம்பிவிடக் கூடாது. அது கொஞ்ச நேரம் ஒழுங்காக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. அந்தப் பொறுமையின் அளவைக் கம்ப்யூட்டரில் போடுகிறபோது அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. ஒரு எண்ணைப் போடுவார். பார்ப்பார். மனசு கேட்காமல் குறைப்பார். தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் கூட்டுவார். சர்க்கரை வியாதிக்காரர் லட்டுத் தட்டை நகர்த்தி நகர்த்தி வைக்கிற மாதிரி இருந்தது.

"இவ்ளோ நேரமா சும்மா இருக்கும் அது? ஒண்ணுமே கேக்காமயா?" என்று தனக்குத்தானே முனகினார்.

"கேட்டுகினுதான் சார் இருக்கப்போவுது. முடிவு கட்டறதுக்குத்தான் லேட்டாவும். நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"சொன்னேன்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு எண்டரைத் தட்டினார்.

நாங்களே உறுவையாறு வயரைக் கழற்றிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பாகூர் லைன்மேனை எங்கள் நெட்டில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னோம். இங்கே வயரைப் பிடுங்கினார்கள்.

"டேய், இன்னா ஆச்சு?" என்று கேட்டார் இவர்.

"ஒண்ணும் ஆவல சார்."

"நெசமாவா? நல்லாப் பாரு."

"ஹீரோ இன்னும் மலைமேல நின்னுகினு பாடறாரு சார். நீங்க வயரைப் புடுங்குங்க, நான் பாத்துச் சொல்றேன்."

"புடுங்கியாச்சுடா!"

"அப்பிடியா?" என்றார் லைன்மேன். பின்னால் பாட்டுச் சத்தம் நிற்காமல் கேட்டது.

பெரியவருடைய வீடியோ நாளன்று இவர் பாகூருக்கே நேரில் போனார். என்னையும் ஸ்கூட்டியில் வரச்சொன்னார். வருகிற வழியில் காலையிலேயே உறுவையாற்றில் நின்று, மத்தியானம் மட்டும் தோண்டாமல் இருக்கும்படி ஜேசிபி டிரைவரிடம் கெஞ்சியிருக்கிறார். டிரைவர், "காண்ட்ராக்டரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டாராம்.

பெரியவர் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு தலையணைமேல் சாய்ந்திருந்தார். இடுப்புக்குக் கீழே போர்வை. மருமகள் டேப்லெட்டை அவர் எதிரில் ஸ்டூல்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அதில் ஒரு கட்டத்தில் அவருடைய மகள், இன்னொரு கட்டத்தில் கண்ணாடி போட்ட அந்தப் பென்ஷன் ஆபீஸ் அம்மாள். மகன் வாசற்படியில் நின்று, தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சத்தம் போடாதீர்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

பேர் கேட்டார்கள், சொன்னார். பிறந்த ஊர் கேட்டார்கள், சொன்னார். அந்த நேரத்தில் என் போன் அதிர்ந்தது. முதலாளி.

"உறுவையாறு பூட்டுது! அறுத்துட்டான்!" என்றார்.

டேப்பைப் பார்த்தேன். அந்த அம்மாள் நிதானமாகக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். இவர் தன்னுடைய லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணாலேயே தெரியும் என்றார். கால் கட்டைவிரல் தரையை அழுத்தி வெளுத்துப் போயிருந்தது.

பெரியவரை முகத்தை நிமிர்த்தச் சொன்னார்கள். நிமிர்த்தினார். அந்த அம்மாள் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் கண்ணும் அசையவில்லை.

"போச்சு! போச்சு! மறுபடியும் போச்சு!" என்று பெரியவர் கத்தினார். அதற்குப் பிறகு பிரெஞ்சில் திட்டியது எனக்குப் புரியவில்லை. மகன் உள்ளே ஓடி வந்தான். மருமகள், "கட் பண்ணிட்டு திரும்பப் போடறேன்" என்று விரலை நீட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு முன்னால் இவருடைய கை டேப்பை நோக்கிப் போய்விட்டது. பாதி வழியில் நின்றது. லேப்டாப்பை ஒரு தடவை பார்த்தார்.

"இருங்க. கட் பண்ணாதீங்க" என்றார்.

"அதான் நின்னுபோச்சேய்யா!" என்றார் பெரியவர்.

"நம்ம பக்கம் நல்லாத்தான் இருக்குதுங்க. உங்க பொண்ணு பாருங்க, அசையறாங்க. அவங்க பக்கத்துல எதோ மாறுது. வரும்."

"எப்ப?"

"வரும்."

இவர் நெற்றியிலிருந்து வியர்வை மூக்குக்கு இறங்கி நுனியில் நின்றது, துடைக்கவில்லை. கட் பண்ணு என்று அவருடைய உடம்பு முழுக்கச் சொல்வது எனக்குத் தெரிந்தது. கைகளை இரண்டு அக்குளிலும் கொடுத்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்த அம்மாளின் வாய் மூடியது. கண் சிமிட்டியது. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஆபீஸ் லைனில் ஏதோ கோளாறு என்றாராம். பெரியவரை உற்றுப் பார்த்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார். பெரியவர் படுத்தபடியே சல்யூட் அடித்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்று நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"நீங்க நல்லாவே உயிரோட இருக்கீங்கன்னு சொல்றா" என்றார் பெரியவர். மருமகள் பக்கம் திரும்பி, "இந்த வூட்ல ஒருத்தர்கூட இதுவரைக்கும் என்கிட்ட அப்பிடிச் சொன்னதில்ல" என்றார். அவள் சிரித்துக்கொண்டே காபி போடப் போய்விட்டாள்.

இதற்குப் பிறகு இவர் அடியோடு மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். டீக்கடை மாஸ்டர் தலையாட்டாவிட்டால் கொஞ்சம் கூடுதலாக நின்று பார்ப்பார், பிறகு ரோட்டைக் கடப்பார். இப்போதெல்லாம் போன் நன்றாக மணியடித்து ஓய்ந்த பிறகுதான் ஊரைக் கூட்டுகிறார் என்று அவர் மனைவி சொன்னார். அதுவே பெரிய முன்னேற்றம் என்று அவர்கள் வீட்டில் கேசரி கிண்டினார்களாம்.

பொங்கல் கழிந்து சில நாட்களில் பெரியவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். மகளுக்கு உடனே விமானம் கிடைக்கவில்லை. சாவு வீட்டை அவள் வீடியோவில் பார்க்க வேண்டும் என்று மகன் போன் செய்தான். இவர் விடிந்ததும் போய் வாசலில் தனி லைன் இழுத்துக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஓர் ஓரமாக நின்றுகொண்டார். நான் மத்தியானம் மாலையோடு போனேன்.

பாடையைத் தூக்கினார்கள். ஆண்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட உள்ளே போய்விட்டார்கள். ஷாமியானாவுக்குக் கீழே காலி பிளாஸ்டிக் நாற்காலிகளும், உதிர்ந்த பூவும், ஸ்டூல்மேல் அந்த டேப்பும்தான் மிச்சம். அதில் மகள் ஒரு சமையலறையில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இங்கிருந்து தெரிந்ததெல்லாம் அந்தக் காலி நாற்காலிகள்தான்.

இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு டேப்புக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"யாருங்க?" என்றாள் மகள்.

"நெட்டு ஆபீஸ்மா."

"எல்லாரும் பூட்டாங்களா?"

"இப்பத்தாம்மா. தெரு முனை திரும்பறாங்க. மேளம் கேக்குதா?"

"கேக்குது."

டேப்பை மெதுவாகத் தெருப்பக்கம் திருப்பி வைத்தார். மேளச் சத்தம் தேய்ந்துகொண்டே போய் அடங்கியது. பிறகு டேப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அதற்கப்புறம் பேசவில்லை. முந்தானை இல்லாததால் ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவரும் பேசவில்லை. எதுவும் கேட்கவில்லை. நான் லைனைச் சுருட்டலாமா என்று ஜாடையில் கேட்டேன். வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார்.

பெண்கள் உள்ளேயிருந்து தள்ளிய தண்ணீர் வாசலுக்கு வந்தது. இவர் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் கீழே ஓடியது, வடிந்தது, வெயிலில் தரை காய்ந்தது. ஆண்கள் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கடைசியில் மகன் மொட்டைத் தலையோடு வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் நின்றான்.

"தங்கச்சி லைன்லதான் இருக்காங்க" என்றார் இவர். நாற்காலியை அவனுக்கு விட்டுவிட்டு எழுந்தார். கால் மரத்துப் போயிருந்தது. பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றார்.